கையில் இருப்பது எத்தனை மாதம்?

கேள்வி: எனக்கு 41 வயது. 14 வருடத் திருமண வாழ்க்கை முடிந்து, விவாகரத்துத் தீர்ப்பு வந்து 5 மாதம் ஆகிறது. 12 வயது மகள் என்னோடு இருக்கிறாள். ஜீவனாம்சமாக ஒரு மொத்தத் தொகை கைக்கு வந்துவிட்டது. மகளுக்காக மாதாமாதம் ஒரு தொகையும் அவர் தர வேண்டும். நாங்கள் இருந்த வீட்டின் கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. அதை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. இப்போது அப்பா அம்மா வீட்டில் இருக்கிறேன். பணத்தைத் தன் தொழிலில் போட்டால் மாதம் லாபம் தருவதாக அண்ணன் சொல்கிறார். மகள் பிறப்பதற்கு முன் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அப்புறம் 12 வருடமாக ஒன்றுமே செய்யவில்லை, குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைப் பார்த்ததோடு சரி. வங்கிக்குள் நுழைந்தாலே கை நடுங்குகிறது. விவாகரத்தான பெண்கள் கடைசியில் வறுமையில்தான் முடிவார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த வரிக்கு வருகிறேன். 1985இல் லெனோர் வைட்ஸ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விவாகரத்துக்குப் பின் பெண்களின் வாழ்க்கைத் தரம் 73 சதவீதம் சரிகிறது என்று எழுதினார். பத்திரிகைகள், நீதிமன்றங்கள், மேடைகள் என்று எல்லா இடத்திலும் அந்த எண் சுற்றியது. 1996இல் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற ஆய்வாளர் அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். வந்த விடை 27 சதவீதம். முதல் கணக்கில் பிழை இருந்ததை வைட்ஸ்மனே ஒப்புக்கொண்டார். 27 சதவீதம் என்பதும் சின்ன அடி இல்லை, வலிக்கும். ஆனால் கால்வாசி இழப்பு வேறு, முக்கால்வாசி இழப்பு வேறு. கால்வாசி இழந்தவர் நிமிரலாம், பலர் நிமிர்ந்தும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கை நடுங்குவது பற்றி. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். ஐம்பதைத் தொடும் வயது, நன்றாகப் படித்தவர். வங்கிப் படிவம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தபடியே இருந்தார். என்னம்மா என்றேன். "பென்சில் மார்க் எங்கே இருக்கு?" என்றார். 22 வருடமாக அவர் கணவர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பார், இவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. அன்று அந்தப் படிவத்தை முழுதாகப் படித்து முடிக்க அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. அடுத்த படிவம் பத்தே நிமிடம். உங்கள் நடுக்கமும் இதே வகைதான். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு எண் தெரியாமல் போகாது, பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. பழக்கமும் நாமாக விட்டது மட்டும் இல்லை. பிரான்சில் 1965 வரை கணவர் சம்மதம் இல்லாமல் மனைவியால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. பெண்ணுக்குப் பணக் கணக்கு வராது என்ற நினைப்பு எப்படி வந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம்.

நீங்கள் எழுதிய தொகையை இங்கே வெளியிடவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். "பெரிய தொகைதான், ஆனால் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அதை ஒரு தொகையாகப் பார்க்காதீர்கள். தொகையாகப் பார்க்கிறவரை அது ஒரு நாள் மலை மாதிரித் தெரியும், மறுநாள் ஒன்றுமே இல்லாத மாதிரித் தெரியும். மாதமாக மாற்றிப் பாருங்கள். தனி வீட்டு வாடகையும் சேர்த்து மாதச் செலவு என்று நீங்கள் போட்ட எண்ணால் அந்தத் தொகையை வகுத்தேன். 64 மாதம் வந்தது. ஆனால் உங்கள் பட்டியலில் வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள் எதுவுமே இல்லை. பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, பல் மருத்துவர், கண்ணாடி மாற்றுவது, பழுதாகும் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் விட்டுப்போயிருக்கிறது. எல்லோரும் விடுவது இதைத்தான். அவற்றைக் கூட்டினால் வருடத்துக்கு இன்னும் 3 மாதச் செலவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாத வருடத்துக்கு 15 மாதச் செலவு. அப்போது 64 என்பது 51 ஆகிறது.

ஆக உங்கள் கையில் இருப்பது 51 மாதம். ஒரு காசுகூடச் சம்பாதிக்காமல் நாலேகால் வருடம். மகளுக்கு வரவேண்டிய மாதத் தொகையை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. அது ஒழுங்காக வந்தால் நல்லது, தனிக் கணக்கில் போய் விழட்டும், வந்த தேதியும் வராத மாதமும் பதிவில் இருக்கட்டும். ஆனால் வேறொருவர் அனுப்பினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் வீட்டுக் கணக்கை வைக்காதீர்கள்.

இப்போது இதே கணக்கில் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் செலவில் பாதி அளவுக்கு ஒரு சம்பளம் வந்தால் 51 மாதம் 102 மாதமாகிவிடும். முக்கால் பங்கு வந்தால் 204 மாதம், அதாவது 17 வருடம். வட்டியையும் விலைவாசியையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன். "என் செலவு முழுவதையும் தாங்குகிற வேலை யார் தருவார்கள்?" என்று கேட்டிருந்தீர்களே, முழுவதையும் தாங்க வேண்டியதில்லை. முதல் வேலை பாதியைத் தாங்கினாலே அந்தப் பணத்தின் ஆயுள் இரட்டிப்பாகிறது. நல்ல முதலீடு எது என்று தேடுவதைவிட இது பெரிய விஷயம்.

அண்ணன் விஷயம். அவர் மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் கடிதத்தில் தெரிகிறது, அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார் என்று நானும் நம்புகிறேன். இருந்தாலும் கொடுக்காதீர்கள். தொழில் நஷ்டமானால் என்ன ஆகும் என்பதைக்கூட விடுங்கள். நன்றாக நடந்தாலும், மகளுக்குத் திடீரென்று ஒரு தேவை வரும் நாளில், உங்கள் பணத்துக்காக நீங்கள் இன்னொருவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்திலிருந்துதான் இப்போது வெளியே வந்திருக்கிறீர்கள். பாதித் தொகையைக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது 25 மாதம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி மறுப்பது என்றுதான் தயங்குகிறீர்கள். பொய் சொல்ல வேண்டாம், சொல்லப்போவதை முதலில் உண்மையாக்கிவிடுங்கள். 3 மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மீதியைப் பல துண்டுகளாக்கி 6 மாதம், 12 மாதம், 18 மாதம், 24 மாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முதிரும்படி வைப்புத்தொகையில் போடுங்கள். வைப்புத்தொகைக்குக் காப்பீடு உள்ள வங்கியாகப் பாருங்கள். அந்தக் காப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், உங்கள் தொகை அதைத் தாண்டினால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். அப்புறம் அண்ணனிடம், "அண்ணா, பணத்தை எல்லாம் டெபாசிட்டில் போட்டுட்டேன், நடுவில் எடுக்கிற எண்ணம் இல்லை" என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். காரணம் கேட்டால், "பாப்பா படிப்புக்கு" என்பது போதும். நீளமாக விளக்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு மறுப்பு இருக்கும்.

இது பெரிய லாபம் தரும் ஏற்பாடு இல்லை என்பது தெரிந்தே சொல்கிறேன். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையின் அழுத்தங்களை வரிசைப்படுத்தினார்கள். துணையின் மரணம் முதலிடம், விவாகரத்து இரண்டாமிடம். அந்த அளவு அடி வாங்கிய மனதோடு, திரும்பப் பெற முடியாத முடிவு எதையும் இந்த வருடம் எடுக்காதீர்கள். வீடு வாங்குவது, கடை வைப்பது, பத்து வருடத்துக்குப் பூட்டும் காப்பீட்டுத் திட்டம் எல்லாம் காத்திருக்கும். வங்கியிலேயே யாராவது உங்களைத் தனியே உட்காரவைத்து ஒரு திட்டத்தை விளக்க ஆரம்பித்தால், "இதை நான் எடுத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். நேர்மையானவர் பதில் சொல்வார்.

முதலீட்டைத் தள்ளிப்போடலாம், காகித வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, "கடனை அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது" என்பதுதான். அதைப் படித்து நிம்மதியாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது. தீர்ப்பு உங்கள் இருவரையும் கட்டுப்படுத்தும். வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லை. அதன் கையில் இருப்பது நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தம். அவர் மூன்று தவணை தவறினால் உங்கள் கடன் வரலாறும் கெடும், வங்கி உங்களையும் கேட்கலாம். நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு சின்னக் கடன் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். எனவே கடனை அவர் தன் பெயருக்கு மட்டும் மாற்றி எடுக்க வேண்டும், அல்லது வீட்டை விற்று அடைக்க வேண்டும். எதுவானாலும் உங்களை விடுவித்ததாக வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது. அது நடக்கும்வரை, தவணை கட்டினார்களா என்ற தகவல் உங்கள் போனுக்கும் வரும்படி செய்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு காலக்கெடு வைக்க முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள், சட்டம் இடத்துக்கு இடம் மாறும்.

உங்கள் கடன் வரலாற்று அறிக்கையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பென்சில் மார்க் தேடிய பெண்மணியின் அறிக்கையை எடுத்தபோது, அவர் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு தொழில் கடன் வெளியே வந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. பென்சில் குறி இருந்த ஏதோ ஒரு தாளாக இருந்திருக்கும். அதிலிருந்து பெயரை நீக்க ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தார்.

அப்புறம் நாமினி. பழைய காப்பீடு, வேலை பார்த்த காலத்தின் சேமநல நிதி, மறந்துபோன சேமிப்புக் கணக்கு எல்லாவற்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முன்னாள் கணவர் பெயர்தான் இருக்கும். விவாகரத்தானால் தானாக மாறிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மகள் பெயருக்கு மாற்றும்போது அவள் மைனர் என்பதால், அவள் சார்பில் பணத்தைப் பெறுகிறவர் யார் என்றும் ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். ஒரு பக்கத்தில் எளிமையாக ஒரு உயிலும் எழுதிவிடுங்கள். 41 வயதில் உயிலா என்று அம்மா கண் கலங்குவார், பரவாயில்லை. உங்கள் மருத்துவக் காப்பீடு முன்னாள் கணவருடைய பாலிசியில்தான் இருந்திருக்கும். உங்கள் பெயரில் புதிதாக ஒன்று எடுக்கும்வரை மற்ற எல்லா வேலையும் பின்னால் நிற்கட்டும். ஒரு அறுவை சிகிச்சை பத்துப் பன்னிரண்டு மாதத்தை விழுங்கிவிடும். கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுங்கள், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்றும் பாருங்கள். இன்னமும் அது முன்னாள் கணவர் எண்ணுக்கே போவது தெரியாமல் இருக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி வேலை. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. "12 வருடமாக ஒன்றுமே செய்யவில்லை, குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைப் பார்த்ததோடு சரி." கடைசிப் பக்கத்தில் அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறீர்கள். 42 வீடுகள், நாலு வருடம். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் வசூல், ரசீது, பாக்கி வைத்தவர்களைத் துரத்திப் பிடித்தது, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மூன்று இடத்தில் விலை வாங்கியது, வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுத்து ஒரு குறையும் இல்லாமல் திரும்ப வாங்கியது. சகோதரி, இதற்குப் பெயர் ஒன்றுமே செய்யவில்லை என்பதா? சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்தால் அவருக்குக் கணக்காளர் என்று பெயர். சம்பளம் இல்லாததால் நீங்களே அதை வேலையாக எண்ணவில்லை.

சுயவிவரத்தில் இது முதலில் வரட்டும்: "42 குடும்பங்கள் கொண்ட குடியிருப்பின் கணக்குப் பொறுப்பு, 4 ஆண்டுகள், ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட்டது." சங்கத் தலைவரிடம் ஒரு சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அந்த ஆடிட்டரையும் போய்ப் பாருங்கள். உங்கள் கணக்கு எழுதும் சுத்தத்தை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கணக்கு முடிக்கும் காலத்தில் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். தற்காலிக வேலையாக இருந்தாலும் சேருங்கள், நான்கு மாதம் அங்கே உட்கார்ந்தால் இப்போதைய கணக்கு மென்பொருள் எது, வரித் தாக்கல் எப்படி நடக்கிறது என்று கை தானே பழகிவிடும். பெரிய கட்டணம் கட்டிப் படிக்கும் இரண்டு வருடப் படிப்பு இப்போது வேண்டாம். எந்தத் திறமை குறைகிறது என்று வேலையில் இருக்கும்போது தெரியும், அதை மட்டும் அப்போது படித்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் இடைவெளி பற்றிக் கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். "மகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்தேன். அதில் நாலு வருடம் குடியிருப்புக் கணக்கையும் பார்த்தேன். இப்போது முழுநேரம் வரத் தயார்." இவ்வளவுதான். விவாகரத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எத்தனை பேர் சொன்னாலும் "எது கொடுத்தாலும் சரி சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். செலவில் பாதி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமே, அதுதான் உங்கள் அடிமட்டம். அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியில் நாமே இறங்கிவந்து குறைத்துச் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தனி வீடு எப்போது என்று கேட்டிருந்தீர்கள். வேலையில் 6 மாதம் ஓடட்டும். அதுவரை அப்பா அம்மா வீட்டில் இருப்பதில் குறைவொன்றும் இல்லை, ஆனால் மாதம் ஒரு தொகையை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். வாங்க மாட்டார், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். அந்தத் தொகையைக் கொடுக்கிற வீட்டில், மகள் எந்தப் பள்ளியில் படிப்பது என்று நீங்கள் தீர்மானிக்கும்போது குரலில் தயக்கம் இருக்காது.

நீண்ட காலக் கணக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதை இப்போதே செய்ய வேண்டியதில்லை. 72ஐ விலைவாசி ஏற்றத்தின் சதவீதத்தால் வகுத்தால், விலைகள் ஏறக்குறைய எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். வருடம் 6 சதவீதம் என்றால் 12 வருடம். மகளுக்கு 24 வயதாகும்போது இன்றைய 51 மாதம் ஏறக்குறைய 25 மாதத்துக்குத்தான் வரும், அப்படியே வைத்திருந்தால். அதனால் ஒரு வருடம் கழித்து, மனமும் வேலையும் நிலைத்த பிறகு, பத்து வருடத்துக்குத் தொட வேண்டியிராத பகுதியை மட்டும் குறைந்த கட்டணமுள்ள, பரவலான முதலீட்டுக்கு நகர்த்துவது பற்றிப் பேசலாம். அப்போது கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகரைப் பாருங்கள். அந்தப் பகுதி முழுவதையும் மகள் படிப்புக்கு என்று எழுதிவைத்துவிடாதீர்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும். உங்கள் 65 வயதுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். இதைச் சொன்னால் பல அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் வயதான காலத்தில் மகளைச் சார்ந்து நிற்காமல் இருப்பதும் அவளுக்கு நீங்கள் கொடுக்கும் சொத்துதான்.

தூக்கம் இன்னும் சில வாரம் இப்படியே போனால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அந்தச் செலவையும் மாதக் கணக்கில் ஒரு வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை போதும். மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பம், வீட்டுக் கடன் விவரம் கேட்டு வங்கிக்கு எழுத்தில் ஒரு கடிதம், ஆடிட்டருக்கு ஒரு போன். வங்கிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், படிவத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆடிட்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அண்ணன் என்ன சொன்னார் என்பதையும்.